'டூ' என்னும் ஓரொலி

ஆங்கிலத்தில் தேர்ந்துவிட்டால் வானூர்தி வலவர்க்கு இடரில்லை என்பார், 1989 பிப்பிரவரி 19-இல் சுபாங்கில் நேர்ந்ததை எண்ணிப் பார்க்க.

சிங்கப்பூரினின்று கோலாலம்பூர் வந்த அமெரிக்கச் சரக்கு வானூர்தி, சுபாங் நிலையத்தில் இறங்கவிருந்தது. 2400 அடிக்கு இறங்குமாறு பணித்த கட்டுப்பாட்டாளர், 'டிசெண்டு டூ, போர், சீரோ, சீரோ' என்றார். ஆங்கிலத்தில் இரண்டு என்னும் எண்ணும் 'டூ'. நம் நான்காம் வேற்றுமைக் 'கு'வுக்கு நிகரான சொல்லும் 'டூ'! எண்ணை உருபாகக் கொண்ட வலவர் '400' என்றே திருப்பிச் சொன்னார். அதனைத் திருத்துவாரில்லை. நிலம் நெருங்குவதாக ஊர்தியின் கருவி கூவியதையும் வலவர் பொருட்படுத்திலர். 437 அடி உயரத்தில் குன்றில் மோதி நால்வரும் மாண்டனர்.

மாண்டவர் ஆங்கிலம் அறியாதவரா? அமெரிக்கர் ஐயா, அமெரிக்கர்!

பன்னாட்டுப் பறப்பில் வலவர்க்கும் கட்டுப்பாட்டாளர்க்கும் ஆங்கிலத் தேர்ச்சி 2008 முதல் கட்டாயமாயிற்று. ஆகட்டும். ஆயின் சுபாங்கில் குறைந்தது தேர்ச்சியன்று. ஆயிரம், நூறு எனப் பிரித்துச் சொல்லியிருப்பின் அம்மயக்கம் எழாது. திருப்பிச் சொன்னதைச் செவிமடுத்துத் திருத்தியிருப்பின் நால்வரும் பிழைத்திருப்பர். இவ்விரண்டிற்கும் வேண்டுவது நாநயமோ? வரையறுத்த சொல்லாட்சியும் விழிப்புமே. பிரித்தானிய வான்துறையினரே இன்று 'டூ'வுக்கும் எண்ணுக்கும் நடுவே உயரத்தைக் குறிக்கும் தனிச்சொல் ஒன்றை இட்டுப் பேசுகின்றனர்.