ஆர்மோனியப் பெட்டிக்கு ஒரு வக்காலத்து



பொழுதுபோக்கு என்னவென்று கேட்கும்போது ஒருவன் ‘கிடார்’ என்றால், “மச்சி, ஒரு பாட்டு!” என்கிறீர்கள். ‘கீபோர்டு’ என்றால் ஆண்டு விழாவில் மேடையே தருகிறீர்கள். நான் ‘ஆர்மோனியம்’ என்றால் மட்டும், “இன்னைக்கு ராத்திரி வள்ளி திருமணம் எந்த ஊர்லடா?” என்கிறீர்கள். நான் துருத்தியைத் தொட்டதுமே பக்கத்து வீட்டு நண்பன் புத்தகத்தோடு லைப்ரரிக்கு ஓடுகிறான். நாலு அரியர் வைத்திருந்தவனைப் படிக்க வைத்த பெருமை எந்தக் கிடாருக்கு உண்டு?

இந்தப் பெட்டிக்கு அவமானம் புதிதல்ல. சுரத்தை வளைத்துக் கமகம் காட்ட இதற்கு வராது என்று குற்றம் சாட்டி, 1940-இல் அகில இந்திய வானொலியே தடை போட்டது. அந்தத் தடை தளர 1971 ஆயிற்று. 31 வருடம்! நமக்கோ ஒரு பேப்பர் இரண்டு தடவை போனாலே மூஞ்சி தொங்கிப் போகிறது.

உண்மையில், தொழிற்கல்வி படிப்பவனுக்கு ஏற்ற கருவி இது. பெட்டியைத் திறந்தால் வரிசையாகப் பித்தளை நாக்குகள். நுனியில் லேசாக அரம் பிடித்தால் சுருதி ஏறும். அடியில் சுரண்டினால் இறங்கும். எடை குறைந்தால் அதிர்வெண் கூடும், விறைப்பு குறைந்தால் அதிர்வெண் குறையும். வகுப்பில் மண்டையில் ஏறாதது இங்கே காதில் ஏறியது!

எலெக்ட்ரிக்கல் நண்பர்கள் சிரிக்க வேண்டாம். உங்கள் லேபில் உள்ள வீட்ஸ்டன் பிரிட்ஜை 1833-இல் முதலில் சொன்னவர் கிறிஸ்டி. வீட்ஸ்டன் அதைப் பிற்பாடு பிரபலமாக்கியவர்தான். இசைக்கருவி செய்யும் குடும்பத்தில் பிறந்த அந்த மனுஷனின் சொந்தச் சரக்கு, ஆர்மோனியத்துக்கு உறவுமுறையான ‘கான்செர்டினா’ என்ற துருத்திக் கருவி!

வேடிக்கை இருக்கட்டும். என் பெரியப்பா இளவயதில் நன்றாக வாசிப்பாராம். டர்னர் வேலை கிடைத்ததும், “கூத்துக்காரன் வர்றான்டா” என்ற கேலிக்குப் பயந்து பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டார். 34 வருடம் லேத்தில் நின்றார். ரிட்டயரான மறுநாளும் வழக்கம்போல் விடியுமுன் எழுந்து குளித்துவிட்டு, போக இடமில்லாமல் திண்ணையில் உட்கார்ந்தார். கை மட்டும் சும்மா இல்லை. தொடைமேல் எதையோ வாசித்துக்கொண்டே இருந்தது. பெட்டியை இறக்கினோம். துருத்தியை எலி கடித்திருந்தது. நான் ஒட்டிக் கொடுத்தேன். இப்போது காலையில் அவர் ஷிப்ட், சாயங்காலம் என் ஷிப்ட். ஆனால் போன 34 வருடத்தை எந்தப் பசை போட்டு ஒட்டுவது?

நண்பர்களே, கம்பெனி சம்பளம் தரும், இன்க்ரிமென்ட் தரும், கடைசி நாளில் மாலையும் போடும். மறுநாள் காலையில் என்ன செய்வதென்று சொல்லித் தராது. எனவே உறுமியோ, மோர்சிங்கோ, மவுத்தார்கனோ, பிடித்ததை விட்டுவிடாதீர்கள். பயோடேட்டாவிலும் தைரியமாக எழுதுங்கள். சிரிக்கிறவன் சிரிக்கட்டும்!

ஷிப்ட் முடிந்தால் மெஷினை நிறுத்திவிடலாம். கையை நிறுத்த முடியாது. அதற்கும் இப்போதே ஒரு வேலை போட்டு வையுங்கள்!