திறக்க முடியாதது உறுதியானது அல்ல

லேப்டாப்பை ஏன் பசை போட்டு ஒட்டுகிறீர்கள் என்று கேட்டால் அதை விற்பவர்களிடம் மூன்று பதில்கள் தயாராக இருக்கும். ஒட்டினால்தான் உறுதி. ஒட்டினால்தான் தண்ணீர் உள்ளே போகாது. விஷயம் தெரியாதவர் திறந்தால் ஆபத்து. பத்துப் பதினைந்து வருடமாக இதையே கேட்டுக் கேட்டு நமக்கும் பழகிவிட்டது. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவனே "அதெல்லாம் நம்மால திறக்க முடியாது மச்சி" என்கிறான். ஏதோ இயற்கை விதி மாதிரி.

மூன்றும் சப்பைக்கட்டு என்பதற்கு என் மேசைமேல் ஒரு சாட்சி உட்கார்ந்திருக்கிறது. பானசோனிக் டஃப்புக் சி.எஃப்-31. மூன்றரைக் கிலோவுக்கு மேல் எடை, முன்பக்கம் கைப்பிடி, எலெக்ட்ரீஷியனின் டூல் பாக்ஸ் போன்ற தோற்றம். அழகுப் போட்டிக்கு அனுப்ப முடியாது. ஆனால் இந்த விவாதத்தில் இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

டஃப்புக் வரிசையை பானசோனிக் 1996இல் தொடங்கியது. அமெரிக்கப் போலீஸ் கார்கள், ராணுவம், எண்ணெய் வயல்கள், ஆம்புலன்ஸ்கள் என்று சாதாரண லேப்டாப் ஒரு வாரம்கூடத் தாங்காத இடங்களுக்காகச் செய்யப்பட்டது. சி.எஃப்-31 வந்தது 2010இல். உடல் மெக்னீசியம் உலோகக் கலவை. தூசி, நீர்த் தடுப்பில் ஐ.பி.65 தரம்: ஆறு என்றால் தூசி அறவே நுழையாது, ஐந்து என்றால் எந்தப் பக்கத்திலிருந்தும் நீரைப் பீய்ச்சி அடித்தாலும் தாங்கும். மில்-எஸ்.டி.டி-810 என்ற அமெரிக்க ராணுவச் சோதனை முறைப்படி கீழே போட்டும், குலுக்கியும், சூடேற்றியும், குளிரவைத்தும் பார்க்கப்பட்டது. (இடையில் ஒரு எச்சரிக்கை: இந்த 810 என்பது சோதனை செய்யும் முறைகளின் தொகுப்பு மட்டுமே. ராணுவம் யாருக்கும் சான்றிதழ் தருவதில்லை, எந்தச் சோதனைகளைச் செய்வது என்பதை நிறுவனமே தேர்ந்துகொள்ளலாம். விளம்பரத்தில் "மிலிட்டரி கிரேடு" என்று பார்த்தால் எந்தச் சோதனை, எத்தனை அடி உயரம் என்று கேளுங்கள்.)

இவ்வளவு முரட்டுப் பெட்டியை எப்படித் திறப்பது? ஒரு பக்கம் பாட்டரிக்கு ஒரு கதவு. இன்னொரு பக்கம் ஹார்டு டிஸ்க்குக்கு ஒரு கதவு. தாழ்ப்பாளைத் தள்ளி, கதவைத் திறந்து, பட்டையைப் பிடித்து இழுத்தால் டிஸ்க் அதன் கூட்டோடு வெளியே வரும். அவ்வளவுதான். கூட்டைப் பிரித்தால் உள்ளே அதிர்ச்சி தாங்கும் மெத்தை, கடுங்குளிரில் டிஸ்க்கைச் சூடாக்க ஒரு சிறு ஹீட்டர், ஒரு மெல்லிய ரிப்பன் கேபிள். அந்த கேபிளை மடக்காமல் எடுத்துப் புது எஸ்.எஸ்.டி.யில் மாட்டுவது ஒன்றுதான் இதில் நிதானம் கேட்கும் வேலை. ரேமை மாற்றச் சில ஸ்க்ரூக்கள். பழைய மெதுவான டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டேன், 4 ஜி.பி. ரேமை 8 ஆக்கினேன். நல்ல ஸ்க்ரூடிரைவர் ஒன்று, கழற்றிய ஸ்க்ரூக்களைப் போட்டுவைக்க ஒரு இட்லித் தட்டு. ஒரு குழிக்கு ஒரு வகை ஸ்க்ரூ.

சரி, கதவு இருந்தால் தண்ணீர் எப்படி உள்ளே போகாமல் இருக்கிறது? கதவின் விளிம்பைச் சுற்றி ரப்பர். மூடித் தாழிட்டால் ரப்பர் அமுங்கி இடைவெளியை அடைத்துவிடும். இதில் மந்திரம் எதுவும் இல்லை. நம் வீட்டு பிரஷர் குக்கர் காஸ்கெட்டும் இதே வேலையைத்தான் செய்கிறது. உள்ளே நீராவி அழுத்திக்கொண்டிருக்கும்போது காக்கிறது, தினமும் இரண்டு மூன்று தடவை திறந்து மூடுகிறோம், தேய்ந்தால் கடையில் புது காஸ்கெட் வாங்கி மாட்டுகிறோம். குக்கரைப் பசை போட்டு ஒட்டி "பாதுகாப்புக்காகத்தான் மேடம்" என்று ஒருவன் விற்க வந்தால் நம் அம்மாக்கள் அவனை என்ன செய்வார்கள்? அந்தக் கோபத்தில் பாதிகூட நமக்கு ஏன் வரவில்லை?

"லேப்டாப் சரி, சின்ன சாதனத்தில் முடியுமா?" முடியும், செய்தே காட்டிவிட்டார்கள். 2014இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்5 ஐ.பி.67 தரம் கொண்ட போன். அதன் பின்மூடியை நகத்தால் நெம்பிக் கழற்றி பாட்டரியை மாற்றலாம். அதே நிறுவனத்தின் எக்ஸ்கவர்6 ப்ரோ 2022இல் ஐ.பி.68 தரத்தோடு, கழற்றும் பாட்டரியோடு வந்தது. ஆக, இயற்பியல் தடுக்கவில்லை. வேறு ஏதோ தடுக்கிறது.

அது என்ன என்று ஒரு சேவை மையத்தில் எனக்குத் தெளிவாகவே சொன்னார்கள். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஒரே ஒரு கீ வேலை செய்யவில்லை.

"டாப் கேஸ் மாத்தணும் சார்."

"ஒரு கீதானேங்க?"

"கீ தனியா வராது சார். கீபோர்டும் தனியா வராது. பாட்டரி, டாப் கேஸ் எல்லாம் ஒரே செட்டு."

அந்தத் தம்பிமேல் தப்பில்லை. ஒரு கீயின் பிரச்சினையைப் பாதி லேப்டாப்பின் விலையாக மாற்றும் முடிவை எடுத்தவர் வேறு எங்கோ, வரைபடத்தின் முன் உட்கார்ந்திருந்தார். அவரும் பொறியாளர்தான்.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ரேமை மதர்போர்டிலேயே பற்றவைப்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. குறைந்த மின்சாரத்தில் ஓடும் எல்.பி.டி.டி.ஆர். வகை ரேம் பிராசஸருக்கு மிக அருகில் இருக்க வேண்டும். தினமும் மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு போகிறவருக்கு மூன்றரைக் கிலோ தண்டனை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் காரணமும் தேய்ந்துவருகிறது. அதே வகை ரேமைக் கழற்றி மாட்டும்படி செய்த எல்.பி.கேம்2, 2024இல் லெனோவோவின் திங்க்பேட் பி1 லேப்டாப்பில் வந்துவிட்டது. பாட்டரிக்கும் கீபோர்டுக்கும் எந்தக் காலத்திலும் அந்தக் காரணம் பொருந்தவில்லை. 'ஆபத்து' என்ற வாதமோ தன் காலையே வெட்டிக்கொள்கிறது. லித்தியம் பாட்டரி உப்பினால் ஆபத்துதான். அப்படியானால் எளிதாக வெளியே எடுக்கும்படி வைக்க வேண்டுமா, அல்லது கத்தியைவிட்டு நெம்பும்படி ஒட்டிவைக்க வேண்டுமா?

இதில் அடிபடுவது புது லேப்டாப் வாங்க வசதி உள்ளவர் அல்ல. கம்பெனிகள் மூன்று நான்கு வருடம் பயன்படுத்திக் கழித்துவிடும் லேப்டாப்கள் சென்னை ரிச்சி தெருவுக்கு வருகின்றன. அங்கே ஒருவர் பாட்டரி மாற்றி, ரேம் கூட்டி, கல்லூரிப் பையன் கையில் கொடுக்கிறார். ஒரு தலைமுறை கோடு எழுதக் கற்றது இப்படி வந்த பெட்டிகளில்தான். ரேமைப் பற்றவைத்து பாட்டரியை ஒட்டிவிட்டால் இந்தச் சங்கிலி அறுகிறது. முதல் உரிமையாளருக்கு மெல்லிசான அழகு, மூன்றாம் உரிமையாளருக்குக் குப்பை.

இப்போது நம் வீட்டுச் சண்டைக்கு வருகிறேன், சக மென்பொருள்காரர்களே. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களை, ஒருசில விலக்குகள் தவிர, ஏற்பதில்லை. சி.எஃப்-31இன் கடைசிப் பதிப்பிலேயே இருப்பது ஐந்தாம் தலைமுறை. ஆறடியிலிருந்து விழுந்தும் சாகாத இயந்திரத்தை ஒரு பட்டியல் சாகடிக்கிறது. என்னுடையதில் டெபியன் லினக்ஸ் ஓடுகிறது, இந்தக் கட்டுரையும் அதில்தான் எழுதப்பட்டது. ஒரு அரட்டைச் செயலிக்குள் முழு பிரவுசரையே சுருட்டிவைத்து அனுப்பிவிட்டு, "8 ஜி.பி. எல்லாம் பத்தாது ப்ரோ" என்று சொல்பவர்கள் நாம்தான். மூலநிரல் திறந்திருக்க வேண்டும் என்று இரவெல்லாம் வாதாடுகிறோம், அந்த நிரல் ஓடும் பெட்டி மூடிக்கிடப்பதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

சட்டம் மெதுவாக நகர்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல், சில விலக்குகள் தவிர, கையடக்கச் சாதனங்களின் பாட்டரியைப் பயனரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும். இந்தியாவில் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு இணையதளம் திறந்தார்கள். தகவல் கிடைக்கும், ஆனால் ஒரு தகவல் தளத்தால் யாருடைய பசையும் இளகாது.

அதுவரை நம்மிடம் இருப்பது பணத்தை நீட்டும் முன் இருக்கும் ஐந்து நிமிடம். ரேம் மாற்றலாமா? பாட்டரி ஸ்க்ரூவா, பசையா? சர்வீஸ் மேனுவல் வெளியே கிடைக்குமா? விற்பவர் முழிப்பார். முழிக்கட்டும். நூறு பேர் கேட்டால் அந்த முழி மேலே போய்ச் சேரும்.

வருடா வருடம் ஆயுத பூஜைக்கு ஆபீஸில் லேப்டாப்புக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். நல்ல வழக்கம்தான். ஆனால் தச்சர் பொட்டு வைக்கும் உளியை அவரே தீட்டுவார். மெக்கானிக் பூப்போடும் ஸ்பானரைப் பற்றி அவருக்குத் தெரியாத ரகசியம் இல்லை. அடுத்த பூஜைக்கு முன்னால் உங்கள் ஆயுதத்தை ஒரு தடவை கவிழ்த்துப் பாருங்கள். ஸ்க்ரூ இருந்தால் அது உங்களுடையது. இல்லையென்றால், காசு நீங்கள் கொடுத்திருக்கிறீர்கள், பொருள் இன்னும் அவர்களுடையது.