வாடகை நாலாயிரம், செலவு பத்தாயிரம்

வெண்ணந்தூர்ப் பக்கம் தறி நின்றால் அன்றைய கூலியும் நின்றுபோகும். அதனால் குடும்பத்தோடு இரண்டு நாள் மலைக்குப் போய்வர நினைக்கும் ஒருவர் விட்டுப்போகும் கூலியையும் செலவோடு சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கிறார். அவ்வளவு யோசித்துச் செலவு செய்பவருக்கு ஏற்காட்டு ரிசார்ட் விளம்பரத்தில் கண்ணில் படுவது ஒரே ஒரு எண்தான்: ஓர் இரவுக்கு இத்தனை ரூபாய். கடைசியில் அவர் கட்டப்போகும் தொகை அது இல்லை.

எடுத்துக்காட்டாக, விளம்பரத்தில் 4,000 ரூபாய் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். அது பெரும்பாலும் இரண்டு பேருக்கான வாடகை. அப்பா, அம்மா, பதின்மூன்று வயதுப் பெண், எட்டு வயதுப் பையன், பாட்டி என்று ஐந்து பேர் போகிறார்கள். பன்னிரண்டு வயதைத் தாண்டிவிட்டால் பல விடுதிகளில் பெரியவர் கணக்கு. பெண்ணுக்கும் பாட்டிக்கும் கூடுதல் படுக்கை தலைக்கு 1,200, பையனுக்கு 600 என்றால் வாடகையே 7,000 ஆகிவிடும். அதன் மேல் 5 சதவீத ஜிஎஸ்டி 350. இரவுச் சாப்பாடு பெரியவர்கள் நால்வருக்கும் தலைக்கு 600, பையனுக்குப் பாதி. மொத்தம் 10,050 ரூபாய். விடுதிக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சொல்ல முடியாது, எல்லாம் சிறிய எழுத்தில் எழுதியிருக்கும். போனில் அறை கேட்கும்போதே ஆட்களின் எண்ணிக்கையையும் வயதையும் சொல்லி, “வரி, சாப்பாடு எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?” என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்ல வேண்டும். சி.பி. என்று போட்டிருந்தால் காலைச் சிற்றுண்டி மட்டும் சேர்த்தி. எம்.ஏ.பி. என்றால் அதோடு இன்னொரு வேளை. ஏ.பி. என்றால் மூன்று வேளையும்.

வரியில் இன்னொரு விஷயம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஓர் அறைக்கு ஓர் இரவு வாடகை 7,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதைத் தாண்டினால் முழு வாடகைக்கும் 18 சதவீதம். 7,500 ரூபாய் அறைக்கு வரியோடு 7,875 கட்டுகிறோம். 7,600 ரூபாய் அறைக்கு 8,968. நூறு ரூபாய் கூடிய அறை ஆயிரத்துக்கு மேல் கூடுதலாக இழுத்துவிடுகிறது. சாப்பாட்டு பில்லில் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று தனியாகச் சேர்த்திருந்தால் அதை எடுக்கச் சொல்லலாம். அதைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் கொடுத்த வழிகாட்டுதலை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதிசெய்திருக்கிறது.

பணத்தைவிட நம் ஆட்கள் அதிகம் கோட்டைவிடுவது நேரத்தைத்தான். மதியம் 2 மணிக்குச் சாவி கொடுத்து மறுநாள் 11 மணிக்குக் காலிசெய்யச் சொல்லும் விடுதியில் ஓர் இரவு என்பது 21 மணி நேரம். அதில் தூக்கம் போக, பெட்டி கட்டும் நேரம் போக, பிள்ளைகள் விளையாட என்ன மிஞ்சும்? இரண்டு இரவு தங்கினால் 45 மணி நேரம். நடுவில் ஒரு முழுப் பகல் கையில் கிடைக்கிறது, போகவரச் செலவும் ஒரே தடவைதான். வருஷத்துக்கு இரண்டு தடவை ஒவ்வொரு ராத்திரி போவதைவிட ஒரே தடவை இரண்டு ராத்திரி தங்குவதே மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

எப்போது போவது என்பதிலும் நாம் பழக்கத்துக்குக் கட்டுப்படுகிறோம். மே மாதம் ஏற்காட்டில் கோடை விழா, மலர்க் கண்காட்சி எல்லாம் உண்டு. கூட்டமும் வாடகையும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். நமக்கு இன்னொரு தேர்வான கொல்லிமலையிலோ அருவிகளில் தண்ணீர் மெலிந்திருக்கும் காலம் அது. மழை பெய்து ஓய்ந்த காலாண்டு விடுமுறையில் அங்குள்ள ஆகாய கங்கை அருவி வேறு கோலத்தில் இருக்கும். ஆயுத பூசைக்குத் தறியும் நிற்பதால் கூலி இழப்பும் குறையும். ஆனால் பூசையன்றே மலையேறாமல் ஒரு நாள் தள்ளிப் போவது நல்லது. ஆடிப் பதினெட்டை ஒட்டிக் கொல்லிமலையில் நடக்கும் வல்வில் ஓரி விழா பார்க்க வேண்டியதுதான், ஓய்வெடுக்க ஏற்ற நாள் இல்லை.

இடத்தையும் வீட்டில் உள்ளவர்களைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. வாந்தி எடுக்கும் பிள்ளை இருந்தால் இந்த வித்தியாசம் பெரிது. ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள். இறங்கும்போது தெரியாது, ஏறும்போது முழங்கால் சொல்லும். பாட்டியை அறப்பளீஸ்வரர் கோயிலிலேயே உட்காரவைத்து, துணைக்கு ஒருவரை விட்டுவிட்டுப் போகலாம். ஏற்காட்டில் ஏரிக்கரையும் லேடீஸ் சீட்டும் வண்டி போகும் இடங்கள், பெரியவர்களுக்குச் சிரமமில்லை. இரண்டு ஊருக்கும் இ-பாஸ் வேண்டாம். 2024 மே முதல் அது கட்டாயமாக்கப்பட்டது ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும்.

இதையெல்லாம்விட நான் கவலைப்படுவது, முதலிலேயே பெரிய தொகை கட்டி ஆண்டுதோறும் சில இரவுகள் தங்கும் விடுமுறை உறுப்பினர் திட்டங்களைப் பற்றி. 1986-ல் ஸ்டெர்லிங், 1996-ல் கிளப் மஹிந்திரா என்று இந்தியாவில் வேரூன்றிய தொழில் இது. திட்டமே தவறு என்பதில்லை. வருஷா வருஷம் தவறாமல் ஒரு வாரம் வெளியூர் போகிறவர்களுக்கு இது ஒத்துவரும். நுழைவுக் கட்டணம் நான்கு லட்சம், ஆண்டுச் சந்தா 20,000, ஆண்டுக்கு ஏழு இரவு என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். நான்கு லட்சத்தை வங்கியில் போட்டால் ஆறரை சதவீதத்தில் வட்டி 26,000. சந்தாவோடு 46,000. ஏழு இரவும் போனால் இரவுக்கு 6,571 ரூபாய். தறியை நிறுத்த முடியாமல் மூன்றே இரவு போனால் 15,333. சாப்பாடு இதில் சேராது, சந்தா ஏறலாம், கட்டிய நான்கு லட்சம் திரும்பாது. பள்ளி விடுமுறையில் அறை வேண்டுமென்றால் விலை கூடிய பிரிவில் சேர வேண்டும்.

பரிசு விழுந்திருக்கிறது, கணவன் மனைவி இருவரும் ஹோட்டலுக்கு வாருங்கள் என்று அழைத்து, இன்றைக்கே கையெழுத்துப் போட்டால்தான் இந்த விலை என்று ஒருவர் நெருக்கினால், ஒப்பந்த நகலைக் கேளுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போகத் தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுச் சிக்கியவர்களுக்கும் வழி உண்டு. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்தை எதிர்த்து மாநில நுகர்வோர் ஆணையத்தில் முறையிட இடம் கொடுக்கிறது. சேவைக் குறைபாடு, முறையற்ற வணிகம் பற்றிய புகார் என்றால், நிறுவனத்தின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே கொடுக்கலாம். கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் புகாருக்குக் கட்டணம் கிடையாது. முதலில் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைத்து, ரசீதையும் ஒப்பந்தத்தையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.