நம் பையன்தானே!



சென்ற மாதம் முன்னாள் மாணவன் ஒருவன் வீட்டிற்கு வந்திருந்தான். படிவம் ஐந்து முடித்து மூன்றாண்டுகள் ஆகின்றன. பகலில் தொழிற்சாலை வேலை. இரவில் காணொளித் தொகுப்பு. இதையே முழுநேரத் தொழிலாக்கிக் கொள்ளலாமா என்று கேட்டான்.

"இதுவரை எத்தனை திருமணங்களுக்குச் செய்திருக்கிறாய், தம்பி?"

"பதினொன்று, ஐயா."

"எத்தனை பேர் பணம் கொடுத்தார்கள்?"

சற்றுத் தயங்கி, "மூன்று பேர்" என்றான்.

மற்றவர்கள் உறவினர், பக்கத்து வீட்டார், அப்பாவின் நண்பர்கள். இலவசமாக வேலை வாங்கியவர்களில் நானும் ஒருவன் என்பதுதான் என்னை உறுத்தியது. ஈராண்டுகளுக்கு முன் பள்ளிப் பரிசளிப்பு விழாக் காணொளியை அவனிடம்தான் ஒப்படைத்தேன். கொடுத்த கூலி ஒரு பொட்டலம் பிரியாணி!

மண்டப அலங்காரத்திற்கு முன்பணம் கொடுக்கிறோம், சாப்பாட்டுக்குக் கொடுக்கிறோம். கணினி முன் அமர்ந்து வெட்டி ஒட்டுபவனின் உழைப்பு மட்டும் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இரண்டு கேமராக்களில் ஆறு மணி நேரம் எடுத்தால், பார்த்து முடிக்கவே பன்னிரண்டு மணி நேரம். பிறகு கெட்டிமேளத்தின் ஒலியும் தாலி கட்டும் காட்சியும் விலகாமல் பொருந்த வேண்டும். மண்டபத்தின் மஞ்சள் விளக்கொளியில் மணப்பெண்ணின் முகம் ஒரு நிறம், வெளியே வெயிலில் வேறு நிறம். அதையும் சரி செய்ய வேண்டும்.

கருவி இன்று பெருந்தடையன்று. நாங்கள் பழகிய விண்டோஸ் மூவி மேக்கரை மைக்ரோசாப்ட் 2017 ஜனவரியில் நிறுத்திவிட்டது. இன்றோ டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே ஒரு திருமணத்திற்குப் போதும்.

அவன் சொன்ன இன்னொன்றுதான் மனத்தை விட்டு அகலவில்லை. ஒரு திருமணப் பதிவு முழுவதும் ஒரே வன்தட்டில் இருந்தது. அது பழுதானது. பேத்தியை வாழ்த்திய பாட்டி சில மாதங்களில் காலமாகிவிட்டார். அவரது கடைசிக் காட்சிகள் அதில்தான் இருந்தனவாம். அக்குடும்பத்தாரைக் கண்டால் இன்றும் வேறு பாதையில் போகிறான். தவறு அவனுடையதே. ஆனால் கூலியே வாங்காதவன் இரண்டாவது வன்தட்டுக்கு எங்கே போவான்?

தொழிற்சாலை வேலையை உடனே விட்டுவிடாதே என்றேன். முதலில் எஸ்.எஸ்.எம். எனப்படும் நிறுவன ஆணையத்தில் பதிந்துகொள்ளச் சொன்னேன். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் 60 வெள்ளி. பாதிப் பணம் முன்கூட்டியே, திருத்தம் இரண்டு முறை மட்டும், ஒப்படைக்கும் நாள் இன்னது எனக் காகிதத்தில் எழுதி வாங்கு. திரைப்பாடலைச் சேர்த்து யூடியூபில் ஏற்றினால் அதன் தானியங்கி முறை கண்டுபிடித்து முடக்கவும் கூடும் என்பதையும் வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிடு. எல்லாவற்றிற்கும் தலையாட்டினான். "மாமாவிடம் எப்படி ஐயா பணம் கேட்பது?" என்றபோது என்னிடம் விடையில்லை.

2016இல் 'ஜகாட்' சிறந்த மலேசியத் திரைப்படமாக விருது பெற்றபோது நம்மவர் படமென்று பெருமைப்பட்டோம். அத்துறைக்கு ஆள் எங்கிருந்து வருவார்கள் என்று மட்டும் யோசிப்பதில்லை.

இவ்வாண்டு பரிசளிப்பு விழாச் செலவுப் பட்டியலில் 'காணொளித் தொகுப்பு, 400 வெள்ளி' என்று எழுதிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் கொடுத்திருக்கிறேன். "நம் பையன்தானே, சும்மா செய்ய மாட்டானா?" என்று ஒருவர் தொலைபேசியில் கேட்டுவிட்டார். கூட்டம் வெள்ளிக்கிழமை. அந்தப் பிரியாணிக் கதையை நானே அங்கு எடுத்துச் சொல்வதாக இருக்கிறேன்.