விடுதலைப் பத்திரமும் விடுதலையும்





கணவரை இழந்து மூன்று மாதங்களே ஆகியிருந்த ஒரு பெண், இத்தாவில் இருந்தபடி என்னைத் தொலைபேசியில் அழைத்தார். ஒரு காலத்தில் என்னிடம் மதரஸாவில் ஓதியவர். வளைகுடாவில் உழைத்த அவர் கணவர், தம் பெயரில் ஒரு வீட்டையும் கடையையும் விட்டுச் சென்றிருந்தார். ஒரு மகன், ஒரு மகள். இருவரும் சிறு பிள்ளைகள்.

“ஆலிமா, அவருடைய காக்கா ஒரு பத்திரம் கொண்டுவந்திருக்கிறார். கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொள்வாராம். போடலாமா?” என்று கேட்டார்.

என்ன பத்திரம் என்று கேட்டேன். “விடுதலைப் பத்திரம்” என்றார்.

சொத்தில் தமக்குள்ள பங்கை விட்டுக்கொடுப்பவர் எழுதித் தரும் ஆவணத்துக்குப் பதிவுத்துறையில் வழங்கும் பெயர் அது. இத்தாவில் இருப்பவள் வங்கிக்குப் போகக் கூடாது என்று அவரைத் தடுத்த அதே வீட்டார், பதிவு அலுவலகத்துக்கு அழைத்துச் செல்ல மட்டும் வண்டி பேசி வைத்திருந்தார்கள்!

அவர்கள் மீது கோபம் வருவதற்கு முன் எனக்கு வெட்கம் வந்தது. இத்தாவில் எந்த உடை கூடாது, எந்த நறுமணம் கூடாது என்பதெல்லாம் அந்த மாணவிக்கு மனப்பாடம், நான்தான் கற்றுக்கொடுத்தேன். கணவரின் சொத்தில் தமக்கு எவ்வளவு பங்கு என்பது அவருக்குத் தெரியாது. அதை நான் கற்றுக்கொடுக்கவில்லை. பாகப்பிரிவினைச் சட்டமான ஃபராயிள் பாடத்தை, பெண் பிள்ளைகளுக்கு எதற்கு என்று கடந்துபோனவர்களில் நானும் ஒருத்தி. மார்க்கத்தில் பெண்ணைக் கட்டுப்படுத்தும் பாதியை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு, அவளைக் காக்கும் பாதியை மறைத்துவைப்பது கல்வியாகுமா?

இத்தாவையே எடுத்துக்கொள்வோம். கணவரை இழந்தவளுக்கு நான்கு மாதம் பத்து நாள் என்று அல்பகரா அத்தியாயத்தின் 234ஆம் வசனம் காலம் குறிக்கிறது. பிறைக் கணக்கில் ஏறத்தாழ 128 நாட்கள். கர்ப்பிணியாயின் பிரசவத்தோடு முடிகிறது. அலங்காரம் தவிர்த்து, கணவரின் வீட்டில் தங்கித் துக்கம் காப்பதற்கான தவணை அது. நம் ஊர்களிலோ வெள்ளைச் சேலைதான் உடுத்த வேண்டும், இருட்டறையில்தான் இருக்க வேண்டும், கண்ணாடியில் முகம் பார்க்கக் கூடாது என்றெல்லாம் சேர்த்துக்கொண்டோம். இவற்றுக்கு ஆதாரம் எங்கே? அறியாமைக் காலத்தில்தான் விதவையைக் குடிசையொன்றில் அடைத்து, மட்டமான ஆடை உடுத்தவைத்து, ஓராண்டு கிடக்கவிட்டார்கள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அந்த ஓராண்டை நான்கு மாதமாகக் குறைத்து, குடிசையிலிருந்து அவளை வெளியே கொண்டுவந்தது இஸ்லாம். நாம் அவளை மறுபடியும் குடிசைக்குள் அனுப்பிவிட்டு, அதற்கு மார்க்கம் என்று பெயரிடுகிறோம்.

அவசியத் தேவைக்காகப் பகலில் வெளியே சென்று, இரவில் வீடு திரும்புவதை நான்கு மத்ஹபுகளின் அறிஞர்களும் விதவைக்கு அனுமதித்திருக்கிறார்கள். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும், வட்டாட்சியர் அலுவலகத்து வாரிசுச் சான்றிதழும் தேவைகள் அல்லவா? இத்தாவே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அது அல்லாஹ் விதித்தது. அதில் ஒரு நாளையும் குறைக்க நமக்கு அதிகாரம் இல்லை. ஒரு சுமையைக் கூட்டவும் அதிகாரம் இல்லை என்பதையே சொல்கிறேன்.

இனிப் பங்கைப் பார்ப்போம். உஹதுப் போரில் ஷஹீதான ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்களின் மனைவி, தம் இரு பெண் மக்களுடன் நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். பிள்ளைகளின் தந்தையுடைய சொத்து முழுவதையும் சிறிய தந்தை எடுத்துக்கொண்டார் என்பதே முறையீடு. பாகப்பிரிவினை வசனம் அருளப்பட்டது. நபி (ஸல்) அவர்கள் அந்தச் சகோதரரை அழைத்துவரச் செய்து, மூன்றில் இரண்டைப் பெண் மக்களுக்கும், எட்டில் ஒன்றை அவர்களின் தாய்க்கும் கொடுத்துவிட்டு, எஞ்சியதை எடுத்துக்கொள்ளும்படி தீர்ப்பளித்தார்கள். இது அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ளது. கணவரின் சகோதரர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வது இன்றைய கதையன்று. அதைத் தடுக்கவே வசனம் இறங்கியது.

என் மாணவியின் கணக்கு இன்னும் தெளிவானது. கணவரின் தாயார் உயிரோடிருக்கிறார், தந்தை இல்லை. சொத்தை 24 பங்காக்கினால் மனைவிக்கு 3, தாயாருக்கு 4, மீதி 17 பங்கு மகனுக்கும் மகளுக்கும் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில். மகன் இருப்பதால் காக்காவுக்கு ஒன்றும் இல்லை. இந்தப் பங்கீட்டுக்கு முன்பே கணவரின் கடன் அடைக்கப்பட வேண்டும். கொடுக்கப்படாத மஹரும் அந்தக் கடன்தான். பிள்ளைகளின் பங்கை விட்டுக்கொடுக்கத் தாய்க்கே உரிமை இல்லை எனும்போது, கேட்டு வாங்கப் பெரிய தந்தைக்கு உரிமை ஏது? அநாதைகளின் பொருளை அநியாயமாக உண்பவர் வயிற்றில் நெருப்பை நிரப்புகிறார் என்று அந்நிஸா அத்தியாயத்தின் 10ஆம் வசனம் எச்சரிப்பதை இவர்கள் ஒரு ஜும்ஆவில்கூடக் கேட்டதில்லையா?

“அவளுக்கு என்ன தெரியும், நாங்கள் பார்த்துக்கொள்ள மாட்டோமா?” என்கிறார்கள். பாருங்கள், யார் வேண்டாம் என்றது? பார்த்துக்கொள்வதற்குக் கையெழுத்து எதற்கு? “கணக்குப் பேசினால் குடும்ப ஒற்றுமை குலையும்” என்கிறார்கள். அண்ணன் தம்பிகள் வரப்புக்கு வரப்பு அளந்து பிரித்துக்கொள்ளும்போது குலையாத ஒற்றுமை, ஒரு விதவை தன் எட்டில் ஒன்றைக் கேட்கும்போது மட்டும் குலையுமா? “சுதந்திரம் என்பது மேற்கத்தியர் பேச்சு” என்கிறார்கள். தம் சொந்தப் பொருளை முதலிட்டு வணிகம் நடத்திய கதீஜா (ரலி) அவர்கள் எந்த மேற்கிலிருந்து வந்தார்கள்? முன்பு மணமாகி வாழ்ந்த பெண், தன் விஷயத்தில் தன் பொறுப்பாளரைவிட அதிக உரிமை உடையவள் என்ற நபிமொழி முஸ்லிம் நூலில் இருக்கிறதே!

விரும்பி விட்டுக்கொடுப்பது வேறு, அது அழகானது. கண்ணீர் காயாத மூன்றாம் மாதத்தில், நாளை இந்த வீட்டில் சோறு கிடைக்குமோ என்ற அச்சத்தில் இடப்படும் கையெழுத்தை விருப்பம் என்று அழைக்காதீர்கள்.

கணவன்மார்களே! உங்கள் சொத்து, கடன், வங்கிக் கணக்கு ஆகியவற்றின் விவரம் இன்றிரவே உங்கள் மனைவிக்குத் தெரியட்டும். மஹர் பாக்கி இருந்தால் உயிரோடு இருக்கும்போதே கொடுங்கள். பிள்ளைகளின் சொத்துக்கு மனைவியைப் பொறுப்பாளராக நியமித்து வஸிய்யத் எழுதுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளே! ஜனாஸாவுக்குச் சந்தூக்கைக் கொடுத்து அனுப்புவதோடு உங்கள் கடமை முடியவில்லை. இத்தா முடிவதற்குள் ஓர் ஆலிமை அமர்த்தி, பங்குகளை எழுத்தில் கணக்கிட்டு, விதவையின் கையில் கொடுங்கள்.

சகோதரிகளே! துக்கம் உங்களுடையது, அதை அவசரப்படுத்த வேண்டாம். முடிவும் உங்களுடையதே, அதைப் பிறர் அவசரப்படுத்த விட வேண்டாம். இத்தாவில் எதிலும் கையெழுத்திடாதீர்கள். தவணை முடிந்ததும் கடை நடத்துவதா, படிப்பதா, மறுமணம் செய்வதா என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். தவணைக்குப் பின் முறைப்படி அவர்கள் செய்துகொள்வதில் குற்றமில்லை என்று அதே 234ஆம் வசனம் சொல்கிறது.

என் மாணவி கையெழுத்திடவில்லை. இப்போது கடையை அவரே திறக்கிறார், அவரே பூட்டுகிறார். காக்கா இன்னும் அவரோடு பேசுவதில்லை. பெருநாளன்று பிள்ளைகளைப் பார்க்கவும் வரவில்லை. அந்த வலி அவருக்கு இருக்கிறது. மாமியாரோ தம் 4 பங்கைப் புரிந்துகொண்டு, மருமகளோடுதான் இருக்கிறார்.

இந்த ஆண்டு முதல் எங்கள் மதரஸாவில் பெண் பிள்ளைகளுக்கு ஃபராயிள் பாடம் உண்டு. முதல் கணக்காக நான் கரும்பலகையில் எழுதியது அந்த 24 பங்குகளைத்தான்.

அறிந்ததை மறைக்காமல் எடுத்துரைக்கவும், உரியவருக்கு உரியதைக் கொடுக்கவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.