போர் உண்டு, மாந்தர் எங்கே?

வேங்கடமலையின் சாரலில், திருப்பதிக்கும் புத்தூருக்கும் இடைப்பட்ட வடமாலபேட்டையில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஈழப் போரைப் பற்றிய சிறுகதைகளால் ஆவதென்ன என்று சிலர் வினவக்கூடும். பிழைப்பின் பொருட்டு வந்து குடியேறியவர்கள் நாம். நம் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கு எழுதுகிறார்கள். வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். அவர்கள் கையில் தமிழ் எழுத்தாக வந்து சேர்வன மிகச் சில. அவற்றுள் ஒன்று தமிழ்ச்சங்க மலர். 1983ஆம் ஆண்டுக்குப் பின்னர் இத்தகைய மலர்களில் ஈழத்துத் துயரைக் கூறும் சிறுகதை இடம்பெறுவது வழக்கமாகிவிட்டது. அது நம் நெஞ்சின் ஈரத்தைக் காட்டுவது. அதனைக் குறைகூறுவார் இலர். எனினும், அக்கதைகள் எத்தகையன என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. பிள்ளைகளைப் பெற்றவர்கள் என்ற முறையில் கடமையும் உண்டு.

கேட்டால் கிடைக்கும் விடை மகிழ்ச்சி தருவதாக இல்லை. இக்கதைகளிற் பெரும்பாலானவற்றில் போர் இருக்கிறது, மோதல் இல்லை. பிணங்கள் இருக்கின்றன, மாந்தர் இல்லை. இதுவே நம் குற்றச்சாட்டு.

அச்சில் வார்த்த கதை

அக்கதையின் அமைப்பை நாம் அனைவரும் அறிவோம். முதற்பத்தியில் ஒரு தாய் அடுப்பின் முன் அமர்ந்திருப்பாள். மகன் நற்குணங்கள் எல்லாம் நிரம்பியவன், வகுப்பில் முதல்வன். இரண்டாம் பக்கத்தில் குண்டு விழும். அல்லது பூட்ஸ் கால்களின் ஓசை கேட்கும். வருகின்ற படைவீரனுக்குப் பெயரில்லை, ஊரில்லை, பெற்றோர் இல்லை. சிவந்த கண்கள் மட்டும் உண்டு. இறுதிப் பத்தியில் குருதியும் ஒரு சூளுரையும், அடிவானத்தில் தவறாமல் எழும் செங்கதிரும். ஊர்ப்பெயர்களை அழித்துவிட்டு வியட்நாம் என்றோ பாலஸ்தீனம் என்றோ எழுதினாலும் கதையில் வேறு ஒரு வரியை மாற்ற வேண்டியிராது. யாழ்ப்பாணத்துப் பனங்கூடலும், வன்னியின் குளக்கரையும், மட்டக்களப்பின் வாவியும் இக்கதாசிரியர்களுக்கு ஒன்றே.

இடி விழுந்தும் மனிதன் சாகிறான். வெள்ளம் வந்தும் சாகிறான். அவற்றை நாம் செய்தி என்போம், கதை என்பதில்லை. கதைக்கு உயிரான மோதல் வேறொன்று. ஒருவன் முன் இரண்டு கடமைகள் வந்து நிற்கின்றன. இரண்டும் அவனுக்கு உரியவை. ஒன்றைப் பற்றினால் மற்றொன்றைக் கைவிட வேண்டும். அப்போது அவன் என்ன செய்கிறான் என்பதில் அவன் யார் என்பது வெளிப்படுகிறது. பாத்திரப் படைப்பு என்று இலக்கண நூலார் பெரிதாகப் பேசுவதெல்லாம் இதுதான். முடிவெடுக்கும் வாய்ப்பே தரப்படாத பாத்திரம் எத்துணைக் கண்ணீர் சிந்தினாலும் அது திரைச்சீலையில் எழுதிய உருவமே.

அயல்நாட்டார் படையெடுப்பில் பகைவன் எல்லைக்கு அப்பாலிருந்து வருகிறான். உள்நாட்டுப் போரில் அவன் அதே சந்தையில் மீன் வாங்கியவன். அதே பேருந்தில் பக்கத்தில் அமர்ந்தவன். சிலபோது அதே வயிற்றில் பிறந்தவன். எவனை நம்புவது, எவனுக்குக் கதவைத் திறப்பது, எவனைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பது என்ற கேள்வி ஒவ்வொரு வாசற்படியிலும் வந்து நிற்கிறது. இவ்வளவு வளமான களத்தில் நின்றுகொண்டு மோதலே இல்லாத கதையை எழுதுவதற்குத் தனித்திறமை வேண்டும்!

முன்னோர் அறிந்தது

நம் பழம்புலவர்கள் இதனை நன்கு அறிந்திருந்தார்கள். சோழன் நலங்கிள்ளி, தன் குடியிற் பிறந்த நெடுங்கிள்ளியை உறையூரில் முற்றுகையிட்டிருந்தபோது கோவூர்கிழார் இருவரிடையே சென்று நின்றார். இருவரும் சூடும் மாலை ஒன்றே என்பதையும், எவர் தோற்பினும் தோல்வி அவ்வொரு குடிக்கே என்பதையும் எடுத்துரைத்தார். புறநானூற்றின் 45ஆம் பாடல் தரும் செய்தி இது. வென்றவனிடம் பரிசில் பெறும் எண்ணமுடைய புலவராயின் ஒரு பக்கத்தை வாழ்த்திப் பாடியிருப்பார்.

புறநானூறு தொலைவிலிருப்பதாகத் தோன்றினால் நம் வட்டாரத்துக்கே வருவோம். சித்தூர்ச் சீமையின் திரௌபதியம்மன் திருவிழாக்களில் பாரதம் படிப்பதும் கூத்தாடுவதும் நெடுங்கால வழக்கம். பாரதமோ உடன்பிறந்தார் மக்களின் போர். கர்ணமோட்சக் கூத்தை எண்ணிப் பாருங்கள். பெற்றவள் வந்து உண்மையைக் கூறுகிறாள், வரங்களும் கேட்கிறாள். ஒரு பக்கம் தாயும் தம்பியரும்; மறுபக்கம் நாடும் மதிப்பும் அளித்த துரியோதனன். தோற்பது உறுதி என்று அறிந்தும் செஞ்சோற்றுக் கடன் கழிக்கப் போகிறான் கர்ணன். அறம் பாண்டவர் பக்கம் என்பதில் பார்ப்போர் எவருக்கும் ஐயமில்லை. கர்ணன் எதிர்ப்படையின் தளபதி என்பதையும் அவர்கள் அறிவார்கள். ஆயினும், விடியற்காலையில் அவர்கள் அழுவது அவனுக்காகவே. எழுத்தறியாத பாமரர் என்று நாம் கருதும் மக்களுக்கு இயன்ற இந்த உணர்வு, பட்டம் பெற்ற கதாசிரியர்களுக்கு ஏன் இயலவில்லை?

ஈழத்தார் எழுதியது

போரின் நடுவிலிருந்து எழுதியவர்கள் இந்த அச்சில் வார்த்த கதையை எழுதிக்கொண்டிருக்கவில்லை என்பதே பெரிய வியப்பு. அவர்கள் கண்ட போர் நம் மலர்களில் வரும் போரைப் போல இரண்டு வண்ணங்களில் அமைந்ததன்று.

1983 சூலைக் கலவரத்துக்குப் பின் இயக்கங்கள் பெருகின. 1986 ஏப்ரல் இறுதியில் விடுதலைப் புலிகள் டெலோ இயக்கத்தைத் தாக்கி ஒடுக்கியபோது தமிழ் இளைஞர் கையாலேயே தமிழ் இளைஞர் மாண்டனர். 1987இல் அமைதி காக்கச் சென்ற இந்தியப் படை அவ்வாண்டு அக்டோபரிலேயே போரில் இறங்கிற்று. 1990 மார்ச்சில் திரும்பிற்று. 1990 அக்டோபரில், தமிழையே தாய்மொழியாகக் கொண்ட வடபுலத்து முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்குத் தரப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். 1995 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணமே ஓரிரவில் பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. தென்னிலங்கையிலோ 1971இலும், பின்னர் 1987 தொடங்கிய கிளர்ச்சியிலும், சிங்கள இளைஞர்களைச் சிங்களவரின் அரசே கொன்று குவித்தது. இவற்றுள் எதனை எடுத்துக்கொண்டாலும் நாம் எனவும் அவர் எனவும் கிழித்த கோடு வீட்டுக்கு நடுவே ஓடுவதைக் காணலாம்.

அந்தக் கோட்டின் மேல் நின்று எழுதியவர்களைப் பாருங்கள். ரஞ்சகுமாரின் ‘மோகவாசல்’ தொகுதி 1989இல் வெளிவந்தது. அதிலுள்ள ‘கோசலை’ என்னும் கதையில், மக்கள் இயக்கத்துக்குச் சென்றுவிட, வீட்டில் எஞ்சி நிற்கிறாள் ஒரு தாய். நம் மலர்க்கதையில் வரும் தாயும் அவளும் ஒருத்தியல்லள். இராமனைக் காட்டுக்கு அனுப்பிய தாயின் பெயரைத் தலைப்பாக்கியதனாலேயே ஆசிரியர் ஒரு கேள்வியை எழுப்பிவிடுகிறார்: பிள்ளையின் கடமை பெற்றவளின் இழப்பாகும்போது அவள் எதனை வாழ்த்துவது? கிழக்கிலங்கையைச் சேர்ந்த உமா வரதராஜன் ‘அரசனின் வருகை’யில் நாட்டின் பெயரையோ இனத்தின் பெயரையோ கூறவில்லை. ஒடுக்கப்பட்ட நகரத்துக்கு அரசன் எழுந்தருள்கிறான். வரவேற்க மக்கள் ஆயத்தமாக வேண்டும். அஞ்சியவன் பணிவதும் பணியாதவன் அஞ்சுவதும் எந்த முழக்கமும் இன்றி நமக்கு விளங்கிவிடுகின்றன. இளமையில் புலிகள் இயக்கத்தில் இருந்து, பின்னர் பிரான்சில் தஞ்சம் புகுந்த ஷோபாசக்தி ‘கண்டி வீரன்’ என்னும் கதையில், ஓர் இயக்கத்தார் ஒருவனுக்கு மரண தண்டனை விதிப்பதை எள்ளலோடு கூறுகிறார். சிரித்துக்கொண்டே படிக்கிறோம், தண்டனை அளிக்கும் உரிமையை இவர்களுக்கு யார் தந்தார் என்ற வினா பின்னர் நம்மை விடுவதில்லை.

இவ்வாறு எழுதுவதற்கும் பேசுவதற்கும் அங்கே விலை உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்த ராஜினி திராணகம, எல்லாத் தரப்பாரின் கொடுமைகளையும் பதிவு செய்த ‘முறிந்த பனை’ நூலின் ஆசிரியர்களுள் ஒருவர். 1989 செப்டம்பர் 21 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அச்சம் சூழ்ந்த இடத்திலிருந்து அவர்கள் உண்மையை எழுதினார்கள். எவ்வித அச்சமும் இல்லாத இடத்திலிருந்து நாம் முழக்கங்களை எழுதுகிறோம்.

பிற நாட்டாரும் இவ்வழியே சென்றிருக்கிறார்கள். அயர்லாந்து ஆங்கிலேயரை எதிர்த்த போரில் தாமே பங்குகொண்டவர் ஃபிராங்க் ஓ’கானர். 1931இல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற கதையில், சிறைப்பட்ட ஆங்கிலப் படைவீரர் இருவரும் காவலிருக்கும் அயர்லாந்து இளைஞர்களும் மாலைதோறும் சீட்டாடுகிறார்கள், நண்பர்களாகிவிடுகிறார்கள். பிறகு அவ்விருவரையும் சுட்டுவிடும்படி கட்டளை வருகிறது. அயர்லாந்தின் விடுதலை வேட்கையை அக்கதை ஓரிடத்திலும் இழிவுபடுத்தவில்லை. சுட்டவனின் வாழ்வு அன்றோடு மாறிப்போயிற்று என்பதை மட்டும் மறைக்காமல் கூறுகிறது.

தடைகளும் விடைகளும்

நீதி இன்னும் கிட்டாதிருக்கையில் பகைவனை மனிதனாகக் காட்டுவது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது ஆகாதா என்று கேட்பவர் உண்டு. அவர்களுடைய வேதனையை நாம் மதிக்கிறோம். முடிவை ஏற்க இயலவில்லை. அரக்கனுக்குக் கொல்லுதல் இயல்பு. புலி மானைக் கொன்றால் புலியின் மேல் வழக்குத் தொடுப்பார் இல்லை. கொல்லாமல் இருக்கும் ஆற்றல் இருந்தும் கொன்றவனே குற்றவாளி. ஆகவே, படைவீரனை மனிதனாகக் காட்டும் கதையே அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. அவனுக்கு ஒரு பெயரும், மாத்தறையில் ஒரு வீடும், சம்பளத்தை எதிர்பார்க்கும் தங்கையும் இருக்கட்டும். அதன் பிறகும் அவன் துப்பாக்கியைத் தூக்கினான் என்று எழுதுங்கள். குற்றம் குறையாது, கூடும்.

மற்றொரு சாரார் நடுநிலை என்னும் தராசைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இந்தப் பக்கம் ஒரு தீயவன், அந்தப் பக்கம் ஒரு தீயவன்; இங்கே ஒரு நல்லவன், அங்கே ஒரு நல்லவன் என்று படியளந்து கதை எழுதுவது அவர்கள் வழக்கம். நாம் கேட்பது அதுவும் அன்று. ஓர் அரசின் படையும் சிற்றூரின் மக்களும் ஒரே எடையுடையவர் அல்லர். யார் எவ்வளவு குற்றம் புரிந்தார் என்று தீர்ப்பது மன்றத்தின் வேலை, வரலாற்றாசிரியரின் வேலை. ஒரே ஒரு மனிதனை எடுத்துக்கொண்டு அவன் நின்ற இடத்தின் நெருக்கடியை முழுமையாகக் காட்டுவது கதாசிரியரின் வேலை. சூளுரைக் கதையைப் போலவே தராசுக் கதையும் அந்த வேலையிலிருந்து நழுவுகிறது.

போரைக் காணாத நாம் எழுதத்தான் வேண்டுமா என்பது மூன்றாவது தடை. இது நேர்மையான கேள்வி. கேள்வியறிவால் மட்டும் முள்ளிவாய்க்காலை எழுதுவதைக் காட்டிலும், கண்ணுக்கு எட்டும் தொலைவில் உள்ளதை எழுதுவது நன்று. 1983 முதல் கடல் கடந்து வந்த ஈழத் தமிழர்க்குத் தமிழ்நாட்டில் முகாம்கள் அமைந்தன. அவற்றுள் ஒன்றான கும்மிடிப்பூண்டி நமக்கு அயலூரே. அகதி முகாம் என்ற பெயரைத் தமிழ்நாட்டு அரசு 2021இல் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என மாற்றியது. பெயர் மாறினும் நெருக்கடி மாறவில்லை. முகாமிலேயே பிறந்து, அங்கேயே படித்து, இலங்கையைக் கண்ணாலும் காணாத மகள்; தன் காணியின் கிணற்றையும் முற்றத்து மாமரத்தையும் மறவாத தந்தை. அவர் திரும்பிவிடலாம் என்கிறார்; அவளுக்கோ அது பிறர் நாடு. இருவர் சொல்வதும் நியாயம். இவர்களை ஒரு மாலைப்பொழுது எதிரெதிரே அமரவைத்தால் உள்நாட்டுப் போரின் முழு விளைவும் அந்தச் சிறு அறைக்குள் வந்துவிடும். ஒரு குண்டும் வெடிக்க வேண்டியதில்லை.

நமக்கு இதனால் என்ன?

இவ்வழக்கில் நம் சொந்த நலனும் அடங்கியிருக்கிறது. ம. பொ. சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாகத் திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. சித்தூரும் புத்தூரும் ஆந்திரத்தில் நின்றன. வரைபடத்தில் கோடு நகர்ந்ததேயன்றிப் பக்கத்து வீடு நகரவில்லை. தெலுங்கு பேசும் அண்டை வீட்டாரோடு நாம் பால் வாங்குகிறோம், திருமணத்துக்குப் பந்தல் போடுகிறோம், சிலவேளை சச்சரவும் செய்கிறோம். வேற்றுமொழி பேசுகிறவன் எவனும் கண் சிவந்த அரக்கன்தான் என்று சொல்லும் கதைகளையே தமிழ் இலக்கியமாக நம் பிள்ளைகள் படித்து வளர்ந்தால், அந்தப் பாடத்தை அவர்கள் யாழ்ப்பாணத்தில் நடைமுறைப்படுத்தப் போவதில்லை. நம் தெருவில்தான் நடைமுறைப்படுத்துவார்கள்.

ஆதலின், மலர் தொகுப்போர்க்கும் போட்டிக்கதைகளுக்கு மதிப்பெண் இடுவோர்க்கும் சில சொற்கள். ஈழம் என்ற சொல் கண்டவுடன் கண்ணீர் மல்கிப் பரிசை நீட்டிவிடாதீர்கள். இக்கதையில் எவரேனும் கடினமான முடிவு ஒன்றை எடுக்கிறாரா என்று கேளுங்கள். எதிரில் நிற்பவனுக்குப் பெயர் உண்டா என்று பாருங்கள். நம்மவர் நம்மவர்க்குச் செய்த தீங்கு வரும் இடத்தில் ஆசிரியர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாரா என்பதையும் நோக்குங்கள்.

நம் புத்தூர்க் கட்டு வைத்தியர்களின் முறை உலகறிந்தது. முறிந்த கையோடு வருபவரை அவர்கள் முதலில் தடவிப் பார்க்கிறார்கள். முறிவு எவ்விடத்தில் என்று விரல் அறிந்த பின்னரே மூலிகையும் மூங்கிற்பத்தையும் துணியும் வருகின்றன. தடவும்போது வலிக்கும், வருபவர் அலறவும் செய்வார். அதற்கு அஞ்சி மேலோடு துணியைச் சுற்றி அனுப்பிவிட்டால் எலும்பு கோணலாகவே கூடும். போரில் ஒரு மனிதன் எவ்விடத்தில் முறிந்தான் என்று தொட்டுப் பாராத கதைகளால் இன்று நம் மலர்கள் நிரம்பியிருக்கின்றன. வருமாண்டு மலருக்கு எழுத இருப்போர் முதலில் கையை நீட்டித் தொட்டுப் பார்க்கட்டும்.