நாவல் படிக்க வீட்டில் யாருக்கு நேரம் இருக்கிறது?

மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. குக்கர் கேஸ்கட் தளர்ந்துவிட்டது. சிலிண்டர் பதிவு செய்து நாளாகிறது, இன்னும் வரவில்லை. மாமியாருக்கு இரவெல்லாம் முட்டிவலி. பையன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, கேட்டால் ஒன்றுமில்லை என்கிறான். இவை எதுவும் தலைப்புச் செய்தி ஆகாது. ஆனால், பெரும்பாலான மனிதர்களின் பெரும்பாலான நாட்கள் இவற்றில்தான் கழிகின்றன. இந்தச் சிறு கவலைகளுக்குள் ஒரு மனம் என்ன பாடுபடுகிறது என்று பொறுமையாக உட்கார்ந்து கவனித்த எழுத்து வடிவம் நாவல்.

அந்த நாவலைக் கையில் எடுத்து உட்கார்ந்தால் நம் வீடுகளில் எழும் கேள்வி பழையது: “வேற வேலை இல்லையா?” கவலையை மறக்க ஒரு பொழுதுபோக்கு என்ற அளவில்தான் நாவல் வாசிப்பு இங்கே மதிக்கப்படுகிறது. என் கருத்து வேறு. அன்றாடக் கவலைகளுக்கு உரிய மதிப்பைத் தருகிற படிப்பு அது. வீட்டைச் சுமப்பவர்களுக்குத்தான் அது முதலில் சேர வேண்டும். ஆனால், அவர்களுக்குத்தான் அதற்கு நேரம் கிடைப்பதில்லை.

சம்பந்திச் சண்டையில் தொடங்கிய மரபு

தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் அச்சாகி வந்தது. எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக இருந்தவர், பெண்கல்விக்காக வாதாடியவர். காடு, நகரம், ஆண்வேடம், அரசபதவி என்று எங்கெங்கோ போகிறது கதை. ஆனால், பிரதாபனுக்கும் ஞானாம்பாளுக்கும் நடக்க வேண்டிய கல்யாணத்தை முதலில் தடுமாற வைப்பது, மணமான பின் தம்பதி யார் வீட்டில் இருப்பது என்று இரு சம்பந்திகளுக்குள் மூளும் பிடிவாதம். இன்றைக்கும் எத்தனையோ வீடுகளில் நிச்சயதார்த்தத்துக்கு முதல்நாள் இரவு நடக்கிற பேச்சு இதுதான்.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1893இல் ‘விவேக சிந்தாமணி’ இதழில் பி.ஆர்.ராஜமய்யர் ‘கமலாம்பாள் சரித்திர’த்தைத் தொடராக எழுதத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்றோ இருபத்திரண்டோதான். 1898இல் இருபத்தாறு வயதில் இறந்துவிட்டார். அந்த இளைஞர் எடுத்துக்கொண்ட பொருள் ஓரகத்திகளுக்கு இடையே புகையும் பொறாமை, ஊர் கூடிப் பேசும் வம்பு, அந்த வம்பை நம்பத் தொடங்கும் கணவனின் மனம். வாயிலிருந்து வாய்க்குப் போகும் ஓர் அவதூறு ஒரு நல்ல குடும்பத்தை எப்படிக் குலைக்கிறது என்பதை அவர் எழுதியபோது, தமிழ் நாவலுக்கு வீடே போதுமான களம் என்பது உறுதியாயிற்று.

அடுத்த தலைமுறையில் அந்த வீட்டுக்குள்ளிருந்தே ஒருவர் எழுத வந்தார். 1901இல் பிறந்த வை.மு.கோதைநாயகி அம்மாளுக்குச் சிறுமியாக இருந்தபோதே மணமாகிவிட்டது. முறையான பள்ளிப் படிப்பு இல்லை. எழுதிப் பழகாத அந்த நாளில் தன் முதல் நாடகத்தைத் தோழி ஒருவரிடம் வாயால் சொல்லி எழுத வைத்தார். 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழின் பொறுப்பை ஏற்று, அதையே தன் நாவல்களுக்கு வாசலாக்கிக்கொண்டார். எழுதிய நாவல்கள் 115. வாசிக்கும் பெண்ணை ‘கெட்டுப்போவாள்’ என்று அஞ்சிய காலத்தில், வீட்டிலிருந்த ஒரு பெண் நாவலாசிரியராகவும் பத்திரிகை ஆசிரியராகவும் நின்று காட்டினார்.

துண்டு நேரத்தின் இன்பம்

வீட்டு வேலையில் இருப்பவருக்குக் கிடைப்பது துண்டு நேரம். சாதம் வேகிற நேரம், துணி ஊறுகிற நேரம், குழந்தை தூங்குகிற நேரம். நாவல் இந்தத் துண்டு நேரத்துக்கு ஏற்ற வடிவம். நாலு பக்கம் படித்து, ரேஷன் கார்டையோ பால் கணக்கு அட்டையையோ அடையாளத்துக்கு வைத்து மூடிவிட்டுப் போகலாம். கதை மூடிக்கொள்வதில்லை. பாத்திரம் தேய்க்கும்போதும் வெங்காயம் நறுக்கும்போதும் ஜானகிராமனின் ‘மோகமுள்’ நாவலில் யமுனா அடுத்து என்ன செய்வாள் என்று மனம் ஓடிக்கொண்டே இருக்கும். கை ஒரு வேலை செய்ய, மனம் இன்னொருவர் வாழ்க்கையை வாழ்ந்து பார்க்கும். அந்த இன்பத்தை அனுபவித்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

வார இதழ்த் தொடர்கதை இங்கே வேரூன்றியதற்கு இதுவும் காரணம். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை, மூன்றரை ஆண்டுக்கு மேல் வாரந்தோறும் வந்தது. வீட்டுக்கு இதழ் வந்ததும் யார் முதலில் படிப்பது என்று போட்டி. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பெண் உரக்க வாசிக்க, மற்றவர்கள் முருங்கைக்கீரை ஆய்ந்தபடி கேட்பார்கள். தொடரின் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, தேதி வாரியாக அடுக்கி, தைத்து, காலிகோ அட்டை போட்டு பைண்டு செய்து வைத்தார்கள். பழைய வீட்டுப் பரணிலிருந்து அப்படி ஒரு தொகுப்பை இறக்கிப் பாருங்கள். கதைப் பக்கத்தின் பின்புறம் பாதியில் அறுந்த ஒரு துணுக்கு, கூந்தல் தைல விளம்பரம், ஓரத்தில் பென்சிலில் போட்ட மளிகைக் கணக்கு. நடுவில் ஒரு வாரத்துப் பக்கம் இல்லாமல் இருக்கும். அந்த வாரம் இதழை இரவல் வாங்கிப் போனவர் திருப்பித் தந்திருக்க மாட்டார். படிப்பும் குடும்பமும் ஒரே தாளின் இரு பக்கங்களில் கிடந்ததற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இந்த வாசகர்களை நம் இலக்கிய உலகம் பல நேரம் மட்டமாகப் பேசியிருக்கிறது. லக்ஷ்மியும் அநுத்தமாவும் சிவசங்கரியும் ரமணிசந்திரனும் ‘அடுக்களை எழுத்தாளர்கள்’ என்று ஒதுக்கப்பட்டார்கள். லக்ஷ்மி மருத்துவர், ‘ஒரு காவிரியைப் போல’ நாவலுக்காக 1984இல் சாகித்ய அகாடமி விருது பெற்றவர். மாத நாவலில் தொடங்கிய வாசகிகளில் எத்தனையோ பேர் ஜானகிராமனுக்கும் ராஜம் கிருஷ்ணனுக்கும் வந்து சேர்ந்திருக்கிறார்கள். அந்த முதல் படியை இழிவாகப் பேசுவது வாசிப்புக்குச் செய்கிற கெடுதல்.

குடத்துக்கு அருகில் ஒரு நாவல்

வீட்டுத் தொல்லை ஒன்றை நாவல் என்ன செய்துவிட முடியும் என்பதற்கு அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ ஒன்றே போதும். 1973இல் புத்தகமாக வந்த சிறிய நாவல் அது. சென்னையில் ஒரு தெரு. குழாயில் தண்ணீர் வரவில்லை. அடிபம்பு, குடம், வரிசை, தோண்டிப் போட்ட தெரு, சேறு. இதற்கு நடுவே வாடகை இடத்தில் ஜமுனா, அவளுடைய தங்கை சாயா. ஜமுனாவை சினிமா ஆசை காட்டி ஏமாற்றிக்கொண்டிருக்கும் ஒருவன். ஜமுனாவுக்கு வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றும் கட்டமும் வருகிறது. அப்போது அதே தெருவில் இருக்கும் டீச்சரம்மா தன் வாழ்க்கையைச் சொல்கிறாள்: சின்ன வயதில் தன்னைவிடப் பல மடங்கு மூத்த நோயாளிக்கு மனைவியானது, மாமியார், பள்ளிக்கூடம், விடிந்தால் தண்ணீர். அவள் புத்திமதி எதுவும் சொல்வதில்லை. தீர்வும் தருவதில்லை. ஆனால், ஜமுனா எழுந்து மறுபடி குடத்தைத் தூக்குகிறாள்.

2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்தது. நள்ளிரவில் லாரி ஹாரன் கேட்டதும் குடங்களோடு இறங்கி ஓடியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்தக் கோடையைப் பற்றி ஏரிகளின் கொள்ளளவு, கன அடி, லாரிகளின் எண்ணிக்கை என்று நிறையப் படித்தோம். லாரிக்காகத் தூக்கம் கெட்டு, காலையில் அலுவலகத்துக்கும் போன ஒருத்தியின் மனதுக்குள் என்ன நடந்தது என்பதை அறிய, நாற்பத்தாறு ஆண்டு முந்தைய அந்த நாவலைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. நாவல் தண்ணீரைக் கொண்டுவராது. தண்ணீருக்கு அலைவது தன் ஒருத்தியின் தலையெழுத்து என்று நினைத்துக் கூனிப்போனவளுக்கு, அது ஒரு ஊரின், ஒரு நிர்வாகத்தின் குறை என்று காட்டும். தன் துயரம் எழுதப்படத் தகுந்தது என்று அறிவதே ஒருவரை நிமிர வைக்கும்.

இதைத் தொலைக்காட்சித் தொடர்களே செய்துவிடவில்லையா என்று கேட்கலாம். அங்கேயும் வீடுதான், மாமியார் மருமகள்தான். ஆனால், பெரும்பாலான தொடர்களில் யார் கெட்டவர் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடுகிறது. 1966இல் வந்த ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ நாவலில் அந்த அம்மாவான அலங்காரத்தம்மாளைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வாசகருக்கு வாய் வராது. கோபம் வரும், இரக்கம் வரும், இரண்டும் சேர்ந்தும் வரும். எதிர்த் தரப்பின் நியாயத்தை இருநூறு பக்கம் பொறுமையாகக் கேட்டுப் பழகியவர், தன் வீட்டில் ஒரு பேச்சு தடிக்கும்போது ஒரு நிமிடம் நின்று யோசிப்பார். குடும்பத்துக்கு நாவல் தருகிற பயிற்சி இது.

யார் வீட்டில் யாருக்கு நேரம்?

இவ்வளவும் சரி, நேரம்? தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்கள். அப்படி ஈடுபட்ட ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். 2024 கணக்கெடுப்பில் பெண்களின் நேரம் 289 நிமிடங்களாகக் குறைந்தது. ஆண்களின் நேரமும் 88 ஆகக் குறைந்துவிட்டது. மிக்ஸியும் வாஷிங் மெஷினும் கொஞ்சம் மிச்சம் பிடித்துத் தந்திருக்கலாம். வீட்டிலிருக்கும் ஆண் தரவில்லை.

நேரம் மட்டுமல்ல, அனுமதியும் பிரச்சினைதான். துவரங்குறிச்சியில் பிறந்த எழுத்தாளர் சல்மா பதின்மூன்று வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வைக்கப்பட்டவர். கல்யாணத்துக்குப் பிறகும் வீட்டாருக்குத் தெரியாமல் மறைந்து எழுதினார். அந்த வீடுகளின் உள்ளறைகளைத்தான் 2004இல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யாக நமக்குத் தந்தார். பூட்டி வைத்த வீட்டிலிருந்தும் ஒரு நாவல் வெளியே வந்துவிட்டது என்பது அவருடைய வெற்றி. பூட்டி வைத்தது நம்முடைய தோல்வி.

குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை வழங்குவதை 2023 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கியது. வீட்டில் செய்யும் உழைப்புக்கு மதிப்புண்டு என்று அரசே ஒப்புக்கொண்ட செயல் அது. பணத்தைப் போலவே ஓய்வு நேரமும் அவர்களுக்கு உரியது என்பதை ஏற்பதுதான் அடுத்த படி.

இதில் நூலகத் துறைக்குப் பெரிய பங்குண்டு. இந்தியாவிலேயே பொது நூலகச் சட்டம் கண்ட முதல் மாகாணம் சென்னை, ஆண்டு 1948. இன்றும் நாம் கட்டும் சொத்து வரியோடு அதில் பத்து சதவீதம் நூலக வரியாகச் சேர்கிறது. ஆனால், நம் கிளை நூலகங்கள் பல காலையிலும் மாலையிலும் திறந்து, நடுப்பகலில் மூடிக்கிடக்கின்றன. காலையும் மாலையும் அடுப்பு எரிகிற நேரம். இல்லத்தரசிக்குக் கை ஓய்கிற நேரம் பகல் 12இலிருந்து 4 வரை. அந்த நேரத்தில் நூலகத்தின் கதவு சாத்தியிருந்தால் அது யாருக்கான நூலகம்? நூலகம் வாசகரைத் தேடிப் போக வேண்டும் என்பது இந்த மண்ணுக்குப் புதிய யோசனையும் அல்ல. 1931இலேயே மன்னார்குடியில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். இன்று ரேஷன் கடை, அங்கன்வாடி, மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டம் என்று பெண்கள் வந்து சேரும் இடங்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. அங்கே ஒரு அலமாரி நாவல்களை வைத்து, கையெழுத்துப் போட்டு எடுத்துப்போகச் சொல்ல ஒரு அரசாணை போதும். நடுப்பகலில் நூலகத்தைத் திறந்து வைக்க இன்னொன்று போதும்.

அரசு செய்ய வேண்டியதை அரசு செய்யட்டும். வீட்டில் செய்ய வேண்டியதற்கு யாருடைய ஆணையும் தேவையில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் தினமும் சமைக்கிறவர் கையில் ஒரு நல்ல நாவலைக் கொடுங்கள். அவர் படித்து முடிக்கும்வரை அடுப்பையும் பாத்திரத்தையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த ஞாயிறும் அப்படியே செய்யுங்கள்.